கல்யாணத்துக்கும் நாங்கதான், சாவுக்கும் நாங்கதான்

உலகத்திலேயே சிறந்த கச்சேரி மேடை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: தெருமுனை. அதிலும் ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளிப் பக்கத்துத் தெருமுனை. ஒரு பக்கம் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை, இன்னொரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், நடுவில் தப்பு என்கிற பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் செட். ஷிஃப்ட் இருந்தால் மிஷின், ஆர்டர் வந்தால் தப்பு. இதைவிடச் சுகமான பிழைப்பு எனக்குத் தெரியாது!

வாத்தியம் ரொம்ப எளிமையானது. மரச்சட்டம், அதில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல், ஒரு கையில் மெலிந்து நீண்ட மூங்கில் குச்சி, இன்னொரு கையில் குட்டையான கனத்த குச்சி. அவ்வளவுதான். ஆனால் நீளக்குச்சி ஓரத்தில் சடசடவென்று பேசிக்கொண்டிருக்க, கனத்த குச்சி நடுத்தோலில் ஒன்று வைத்தால் எதிரே நிற்பவர் நெஞ்சு அதிரும். அந்த அதிர்வுக்கு ஈடாக இன்னும் ஒரு ஸ்பீக்கரும் பிறக்கவில்லை.

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர். மார்கழிப் பனியில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும்; சத்தம் சவசவ என்று போகும். தீ காட்டியே ஆக வேண்டும். பல ஊர்களில் வைக்கோல் எரிப்பார்கள். எங்களுக்குக் கம்பெனிப் பார்சல் அட்டை. சூடு ஏற ஏற விரலால் தட்டிப் பார்ப்போம். டண் என்று மணி மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்கள், அப்போதே கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். இப்போது ஸ்பேனரால் முறுக்கும் ஃபைபர் தப்பும் வந்துவிட்டது. மழைக்கு நல்லது, சத்தமும் பெரிது. ஆனாலும் தோலின் ஆழம் அதில் இல்லை என்று சண்டை போடுகிற கட்சி நான்.

கல்யாணத்தில் எங்கள் வேலை பெண்ணழைப்போடு தொடங்கும். தெருமுனைக்குப் போய், வந்து இறங்குகிறவர்களை எதிர்கொண்டு, அடித்து ஆடிக்கொண்டே மண்டபம் வரை கூட்டி வர வேண்டும். இந்த எல்லையோரக் கல்யாணங்களின் அழகே தனி. மாப்பிள்ளை வீடு தெலுங்கு பேசும், பெண் வீடு கன்னடம், பந்தி பரிமாறுகிறவர் தமிழ். ஒரு மாமா ராஜ்குமார் பாட்டு கேட்பார், இன்னொரு மாமா இளையராஜா. எல்லாவற்றுக்கும் எங்களிடம் அடி உண்டு!

விடிந்தால் நாதஸ்வரமும் தவிலும். அப்போது நான் ரசிகன். தவிலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டை. 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற முதிர்ந்த ஆச்சா மரத்தைத்தான் அங்கே தேடி வாங்குவார்கள். எத்தனை கல்யாணம், எத்தனை இழவு பார்த்த உத்தரமோ, கடைசியில் குழலாகி ஊதுகிறது! எல்லைக்கு இந்தப் பக்கம் 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’, அந்தப் பக்கம் 1977இல் ராஜ்குமார் நடித்து பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசித்த ‘சனாதி அப்பண்ணா’. ஊதுகிறவனைக் கதாநாயகனாக்கிய இரண்டு மண்ணுக்கும் நடுவில் வாழ்கிறேன், எனக்கென்ன குறை? புரோகிதர் விரலை ஆட்டியதும் கெட்டிமேளம் வெடிக்குமே, தும்மல், அழுகை, அபசகுனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முழுங்கிவிடும். அந்த அரை நிமிஷத்துக்காக எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போகலாம்.

சாவு மேளம் என்றால் இழுத்து இழுத்துச் சோகமாக இருக்கும் என்று வெளியூர் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒருமுறை வந்து கேளுங்கள்! பேரன் பேத்தி எடுத்து நிறைவாகப் போனவருக்கு நாங்கள் அடிக்கிற அடியில், அழுதுகொண்டிருந்த மருமகனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இங்கேயும் வேலை அதேதான். மாலையோடு வருகிற ஒவ்வொரு சொந்தத்தையும் தெருமுனைக்குப் போய் எதிர்கொண்டு கூட்டி வர வேண்டும். பெண்கள் ஒப்பாரி எடுத்ததும் சட்டென்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எப்போது அடிப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதில்தான் வாத்தியாரின் கெட்டிக்காரத்தனம். அவர் கண்ணசைவை மட்டுமே பார்த்து எல்லாக் குச்சியும் ஒன்றாக நிற்கும் அந்த நொடிக்கு உடம்பு சிலிர்க்கும். பிறகு காரியத்தை ஒட்டிக் கூத்து வைப்பவர்களும் உண்டு. பாரதப் போரின் பதினேழாம் நாளில் கர்ணன் விழுகிற ‘கர்ண மோட்சம்’தான் வட மாவட்டங்களில் அதற்கென்றே ஆடுவது. விடிய விடிய ஊரே உட்கார்ந்திருக்கும்.

இரண்டையும் அடித்துப் பழகிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வருகிறவர் தனியாக வரக் கூடாது, போகிறவர் தனியாகப் போகக் கூடாது. மேளம் இருப்பது அதற்குத்தான். எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற இந்தத் தொழிற்பேட்டையில், அந்தத் துணையின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாதியின் தலையில் கட்டாய ஊழியமாகக் கட்டி, கூலி என்று கொஞ்சம் தானியத்தை அளந்து, சாவுக்கு அடிக்கச் சொன்ன காலம் உண்டு. ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று குச்சியைக் கீழே போட்டவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் பேசிய தொகைக்கு, விருப்பப்பட்டு வருகிறோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மரியாதை. மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பட்டாசு வெடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு!

ஆகவே மக்களே, தாலி கட்டியதும் பந்திக்கு ஓடாதீர்கள். தவில்காரர் தனி வாசிப்பார், இருந்து கேளுங்கள். செட் பேசும்போது அட்வான்ஸ் கொடுங்கள், மீதியை அன்றைக்கே கொடுங்கள், விருந்தாளிகளோடு உட்கார வைத்துச் சோறு போடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள். சாவுக்கு ஒரு போன் போதும், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்துவிடுவோம்.