அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மாறுபட்ட குரல்கள்: ஒரு விமர்சனம்

2019 பிப்ரவரி 7ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அலபாமா மாநிலச் சிறையொன்றில் டொமினிக் ரே என்னும் முஸ்லிம் கைதிக்கு நச்சு ஊசி ஏற்றி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பதினைந்து வயதுச் சிறுமியைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர் அவர். அக்குற்றத்தின் கொடுமையைக் குறைத்துக் காட்டுவது நம் நோக்கமன்று. இறுதி வேளையில் அவர் கேட்டது ஒன்றுதான். தண்டனைக் கூடத்துக்குள் தம் அருகில் ஓர் இமாம் நிற்க வேண்டும் என்றார். அச்சிறையின் விதிப்படி, ஊழியர் என்ற முறையில் கிறிஸ்தவப் போதகர் கூடத்துக்குள் இருக்கலாம்; இமாமோ கண்ணாடிக்கு அப்பால், சாட்சிகள் அமரும் அறையில்தான் இருக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அத்தடையை நீக்கியது. கைதி காலந்தாழ்த்தி வந்தார் என்பதே பெரும்பான்மை கூறிய காரணம். ஐவரும் பழமைவாதிகள் எனப்படுவோர். எதிர்த்த நால்வரும் தாராளவாதிகள். அவர்கள் சார்பில் எழுதியவர் யூத சமயத்தைச் சேர்ந்த நீதியரசர் எலினா கேகன்.

நம் இதழ்களில் அமெரிக்கத் தாராளவாதிகளும் பழமைவாதிகளும் பெரும்பாலும் இரு பந்தாட்ட அணிகளைப் போலவே சித்திரிக்கப்படுகின்றனர். முன்னவர் நமக்கு நண்பர், பின்னவர் பகைவர் என்பார் ஒருசாரார். முன்னவர் ஒழுக்கத்தைக் குலைப்போர், பின்னவரே குடும்பத்தைக் காப்போர் என்பார் இன்னொரு சாரார். இரண்டும் படிக்காமல் சொல்லப்படுபவை என்றே நாம் கருதுகிறோம். தாராளவாதிகள் பழமைவாத நீதியரசர்கள் மீதும் அரசியல்வாதிகள் மீதும் வைக்கும் விமர்சனத்தை அதன் சிறந்த வடிவில் வைத்து எடைபோட வேண்டும். அச்சிறந்த வடிவம் தொலைக்காட்சி வாதங்களில் இல்லை. மாறுபட்ட தீர்ப்புகளில்தான் இருக்கிறது.

மாறுபட்ட தீர்ப்பு என்பது நமக்கு அந்நியமான மரபன்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தோடு, அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் ஆகியோரின் மாறுபட்ட கருத்துகளையும் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் ஒரே பக்கத்தில் பதிந்து வைத்துள்ளன. சில மஸ்அலாக்களில் ஆசிரியரின் கூற்றை விடுத்து மாணவர் கூற்றின்மேல் ஃபத்வா வழங்கப்படுவதும் உண்டு. தோற்ற கருத்தைத் தூக்கி எறியாமல் பேணி வைப்பது பின்வரும் தலைமுறைக்கான அமானிதம். அமெரிக்காவில் 1896இல் இனப் பிரிவினையை ஏற்ற தீர்ப்பை எதிர்த்துத் தனியொருவராய் எழுதினார் நீதியரசர் ஹார்லன். அவர் நின்ற பக்கத்துக்கு நீதிமன்றம் வந்து சேர 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வகையில் நாம் மிக உயர்வாக மதிப்பது 2018 ஜூன் மாதத்து எழுத்து ஒன்றை. அம்மாதம் 4ஆம் நாள், ஓரினத் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோ அடுமனையாளருக்குச் சாதகமாக ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது. அவரை விசாரித்த மாநில ஆணையத்தின் உறுப்பினர்கள் அவருடைய சமய நம்பிக்கையைப் பழித்துப் பேசியிருந்தனர். நடுநிலை தவறிய விசாரணை செல்லாது என்றது நீதிமன்றம். சரியான கொள்கைதான். அதே மாதம் 26ஆம் நாள், பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளின் குடிமக்களைக் குறிவைத்த பயணத் தடை வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று தடை நிலைநிறுத்தப்பட்டது. முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என 2015 டிசம்பரிலேயே டொனால்ட் டிரம்ப் வெளிப்படையாக அறிக்கை விட்டிருந்தார். ஆணைய உறுப்பினர் சிலரின் சொற்கள் ஒரு தீர்மானத்தையே செல்லாததாக்கும் எனில், ஆணையைப் பிறப்பித்தவரின் சொற்களுக்கு எடையே இல்லையா? நீதியரசர் சோனியா சோட்டோமேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து எழுப்பிய கேள்வியின் சாரம் இதுவே. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டதை ஏற்ற 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அவர் நினைவூட்டினார். தலைமை நீதியரசர் ராபர்ட்ஸ் அப்பழைய தீர்ப்பு தவறானது என்று அறிவித்தார். அறிவித்த இடம் பயணத் தடையை நிலைநிறுத்திய அதே தீர்ப்பு. அத்தடை 2021 ஜனவரியில் நீக்கப்பட்டு, 2025 ஜூனில் வேறொரு பட்டியலுடன் திரும்பி வந்தது.

இங்கே தாராளவாத விமர்சனம் தன் முழு வலிமையோடு நிற்கிறது. எதிரியின் உள்நோக்கத்தை அது தோண்டவில்லை. எதிரி தானே ஏற்ற அளவுகோலை எடுத்து, அவர் தீர்ப்பின்மேலேயே வைத்து அளந்து காட்டுகிறது. இலக்கண வாதத்திலும் ஃபிக்ஹு வாதத்திலும் நம் முன்னோர் கையாண்ட முறை இதுவே.

அடுத்து, 2022 ஜூன் 24ஆம் நாள் வெளியான டாப்ஸ் தீர்ப்பு. கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை என்று 1973இல் கூறிய ரோ தீர்ப்பை இது நீக்கியது. ரோ தீர்ப்புக்கு வாக்களித்த எழுவரில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நியமனமே ஒரு போர்க்களமாக மாறியது பிற்காலத்தில்தான். 2016 பிப்ரவரியில் நீதியரசர் ஸ்காலியா இறந்தபோது, தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது என்று செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் மாதக்கணக்கில் கதவைச் சாத்தி வைத்தனர். 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்னதாக ஏமி பாரெட்டை அவர்களே உறுதி செய்தனர். இதைத் தாராளவாதிகள் வஞ்சகம் என்கின்றனர். நாம் அதற்கு மாற்றுச் சொல் தேடப் போவதில்லை.

டாப்ஸ் தீர்ப்பை எழுதிய நீதியரசர் அலிட்டோ, நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் வேரூன்றாத உரிமையைச் சாசனத்தில் காண முடியாது என்கிறார். 1868ஆம் ஆண்டளவில் 37 மாநிலங்களில் 28, கருவின் எந்நிலையிலும் கலைப்பைக் குற்றமாக்கியிருந்தன என்று கணக்குக் காட்டுகிறார். பிராக்டன், கோக், ஹேல், பிளாக்ஸ்டன் என ஆங்கிலச் சட்ட அறிஞர்களைச் சான்றாக அடுக்குகிறார். விமர்சகர்கள் உடனே மேத்யூ ஹேலைப் பற்றிக்கொண்டனர். 1662இல் சூனியக்காரிகள் என்று இரு பெண்களை மரணத்துக்கு அனுப்பியவர் அவர்; கணவன் மனைவியை வன்புணர்வது குற்றமாகாது என்று எழுதியவரும் அவரே. இப்படிப்பட்டவரா சான்று என்று கேட்டனர்.

இதைத் தனிமனிதத் தாக்குதல் என்று ஒதுக்கிவிடலாமா? ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் தகுதியை ஆராய்வதற்கென்றே ஜர்ஹு வ தஃதீல் என்னும் துறை கண்டவர்கள் நாம். ஒருவர் செய்தியை அறிவிக்கும்போது அவர் யார் என்பது முக்கியம். காரணகாரியத்தோடு வாதிடும்போது வாதத்தையே பார்க்க வேண்டும். அலிட்டோ ஹேலை வாதியாக அழைக்கவில்லை. மரபு எது என்பதற்குச் சாட்சியாகவே அழைத்தார். ஆகவே சாட்சியை ஆராய்வது முறையே. பிரையர், சோட்டோமேயர், கேகன் மூவரும் சேர்ந்தெழுதிய மாறுபட்ட தீர்ப்பு இன்னும் ஆழமாகச் செல்கிறது: 1868இல் திருத்தத்தை இயற்றிய அவைகளில் பெண்கள் இல்லை, அவர்கள் இல்லாத அவையின் நினைவை மட்டும் மரபென்று கொள்வது எப்படி என்று அது கேட்கிறது. இக்கேள்வி நம்மையும் தொடும். நபித்தோழர்கள் சிலரின் அறிவிப்புகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் திருத்திய இடங்களைத் தொகுத்து இமாம் ஸர்கஷீ (ரஹ்) ஒரு தனி நூலே இயற்றினார். அந்நூலை நம் மத்ரஸாக்களில் எத்தனை பேர் புரட்டுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆயினும் டாப்ஸ் பற்றிய தாராளவாத எழுத்துகளில், நீதிமன்றத்துக்கு வெளியே எழுதப்பட்டவற்றில் குறிப்பாக, ஒரு குறையை நாம் காண்கிறோம். கருவின் நிலை பற்றிய தயக்கம் எதுவாயினும் அது கிறிஸ்தவப் பிடிவாதமே என்று அவை முடிவு கட்டிவிடுகின்றன. நம் ஃபிக்ஹு இவ்விரு முகாம்களில் எதிலும் அடங்காது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் அடிப்படையில், 120 நாட்களுக்குப் பின் ரூஹு ஊதப்பட்ட கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர். தாயின் உயிர் ஆபத்துக்குள்ளாகும் நிலை தனியே பேசப்படுகிறது. அதற்கு முன்போ கருத்துகள் பல. மாலிகிகள் மிகக் கடுமையாக உள்ளனர். ஹனஃபிகளில் பலர் தகுந்த காரணமிருப்பின் அனுமதிக்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபிலும் ஒரே கருத்தில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், கருத்தரிப்பதைத் தவிர்க்கும் அஸ்லையும் கருக்கலைப்பையும் வேறுபடுத்தி, பின்னது உருவாகிவிட்ட ஒன்றின் மீதான குற்றம் என்றும், கரு வளர வளர அக்குற்றமும் வளர்கிறது என்றும் விளக்குகிறார். பிறர் தாக்கிக் கரு சிதைந்தால் ஈடாக விதிக்கப்பட்ட குர்ரா முழுத் தியத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து ஒட்டகங்கள். கரு வெறும் தசையாயின் இத்தொகை எதற்கு? முழு மனிதனாயின் முழுத் தியத் ஏன் இல்லை? இந்தப் படித்தரமான பார்வை அமெரிக்க விவாதத்தில் இருசாராரிடமும் இல்லை. வியப்பு என்னவெனில், தாய் கருவின் அசைவை உணரும் நான்கு, ஐந்தாம் மாதத்தை எல்லையாகக் கொண்ட பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம் நம் 120 நாள் கணக்குக்கு அருகில் நின்றது. அந்த எல்லைக்கு முன்பும் கலைப்பு சட்டபூர்வமானதாக இருக்கவில்லை என்று அலிட்டோ வாதிடுகிறார். அமெரிக்க வரலாற்றாசிரியர் சங்கங்கள் 2022 ஜூலையில் அதை மறுத்து அறிக்கை வெளியிட்டன.

பழமைவாத நீதியரசர்கள் என்றாலே முஸ்லிம்களுக்கு எதிரிகள் என்னும் எளிய சூத்திரமும் பதிவேடுகளின் முன் நிற்கவில்லை. அர்க்கன்சாஸ் சிறையில் அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்ட முஸ்லிம் கைதிக்கு 2015 ஜனவரியில் ஒருமனதாக உரிமை வழங்கிய தீர்ப்பை எழுதியவர் இதே அலிட்டோ. அதே ஆண்டு ஜூனில், தலைமுக்காட்டின் காரணமாகத் துணிக்கடை வேலை மறுக்கப்பட்ட ஓக்லஹோமாப் பெண்ணுக்குச் சாதகமாக எட்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. உளவு பார்க்க மறுத்ததால் விமானப் பயணத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக முறையிட்ட முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் இழப்பீடு கோரலாம் என்று 2020 டிசம்பரில் எழுதியவர் தாமஸ். அதே ஓக்லஹோமாவில் 2010இல், நீதிமன்றங்கள் ஷரீஅத்தைக் கருதவே கூடாது என்னும் சாசனத் திருத்தத்துக்கு 70 விழுக்காட்டினர் வாக்களித்தனர் என்பதையும், கூட்டாட்சி நீதிமன்றங்களே அதைத் தடுத்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழமைவாத அரசியல்வாதியும் பழமைவாத நீதியரசரும் எப்போதும் ஒருவரல்லர்.

தாராளவாதிகளும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. பொதுவான சட்டத்திலிருந்து சமய வழக்கத்துக்கு விலக்குக் கோர முடியாது என்று 1990இல் ஸ்காலியா தீர்ப்பளித்தபோது, பூர்வகுடிகளின் வழிபாட்டுரிமைக்காக எதிர்த்தெழுதியவர்கள் பிளாக்மன், பிரெனன், மார்ஷல் ஆகிய தாராளவாதிகளே. அத்தீர்ப்பின் விளைவைச் சரிசெய்ய 1993இல் சமய உரிமை மீட்புச் சட்டத்தை இரு கட்சிகளும் சேர்ந்து இயற்றின. 2014இல் ஒரு கிறிஸ்தவ வணிக நிறுவனம், ஊழியரின் கருத்தடைச் செலவை ஏற்க மறுக்க அச்சட்டத்தையே பயன்படுத்தி வென்றதும், தாராளவாதிகளுக்கு அது கசந்தது. சட்டம் மாறவில்லை, அதை நாடி வந்தவர் மாறினார்.

இம்மாற்றத்தின் தெளிவான சான்று 2025 ஜூன் 27ஆம் நாள் வெளியான மஹ்மூத் எதிர் டெய்லர் தீர்ப்பு. மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி மாவட்டப் பள்ளிகளில் ஓரினத் திருமணம், பாலின அடையாளம் ஆகியவற்றைச் சித்திரிக்கும் கதைப்புத்தகங்கள் சிறுவர் வகுப்புகளில் சேர்க்கப்பட்டன. முதலில் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள அனுமதித்த பள்ளி நிர்வாகம் 2023இல் அவ்வனுமதியை நீக்கியது. முஸ்லிம், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். புத்தகங்களைத் தடை செய்யுமாறு அவர்கள் கேட்கவில்லை. அவ்வேளையில் தம் பிள்ளை வகுப்பில் இராதிருக்க அனுமதித்தால் போதும் என்றனர். ஆறுக்கு மூன்று என்று பெற்றோர் வென்றனர். தீர்ப்பை எழுதியவர் அலிட்டோ. எதிர்த்தெழுதியவர் சோட்டோமேயர். பயணத் தடை வழக்கில் நமக்காக எழுதிய அதே பேனா.

அவருடைய வாதத்தை மதிப்போடு கேட்கவே வேண்டும். வேறுபட்ட கருத்தைக் கேட்பதே சமய உரிமைக்கு ஊறு என்றால் பொதுப்பள்ளி நடத்த இயலாது. ஒவ்வொரு பாடத்துக்கும் யாராவது விலக்குக் கேட்பர் என்கிறார். இதில் உண்மை இல்லாமலில்லை. பரிணாமப் பாடத்துக்கு விலக்கு, பிற சமயப் பாடத்துக்கு விலக்கு என்று நாளை நம் சமயத்தைப் பற்றிய பாடத்திலிருந்தும் பிறர் எழுந்து போகலாம். ஆனால் பயணத் தடைத் தீர்ப்பில் சமயத்தவரின் காயத்தை அவர்கள் நின்ற இடத்திலிருந்து அளந்தவர், இங்கே பள்ளி நிர்வாகம் நின்ற இடத்திலிருந்து அளக்கிறார். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆசிரியை சொல்வது ஒரு கருத்து மட்டுமன்று; அது உலகம். நம் தாய்மார் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. இவ்விவாதத்தில் அம்மாவட்ட மன்ற உறுப்பினர் ஒருவர், எதிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் வெள்ளையினவாதிகளோடு ஒரே பக்கம் நிற்பதாகப் பேசி, பின்னர் மன்னிப்புக் கோரினார். சிறுபான்மையினர் தாம் எதிர்பார்த்த பாத்திரத்தை ஏற்காதபோது தாராளவாதம் காட்டும் எரிச்சல் இது.

எனினும் நம்மவர் பக்கமும் கணக்குண்டு. மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க் நகரில் 2004இல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கிடைத்தது. பிறரின் ஆட்சேபத்தை மீறி, பன்மையின் பெயரால் கிடைத்த அனுமதி அது. 2021 தேர்தலில் அந்நகர மன்றம் முழுவதும் முஸ்லிம் உறுப்பினர்களுடையதாயிற்று. 2023 ஜூனில் அம்மன்றம் ஓரினச் சேர்க்கையாளரின் கொடி உள்ளிட்ட கொடிகளை நகராட்சிச் சொத்துகளில் பறக்கவிடத் தடை விதித்தது. அச்செயலின் மார்க்க நிலை நமக்குத் தெளிவு. நகராட்சிக் கம்பத்தில் எந்தக் குழுவின் கொடியும் வேண்டாம் என்பது நியாயமான நடுநிலையாகவும் இருக்கலாம். ஆனால் 2004இல் நம் பக்கம் நின்ற அண்டை வீட்டாரிடம் அதை எப்படிச் சொன்னோம் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. பகைமை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்னும் கருத்துடைய அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் மேடைகளில் பிறரை நோக்கியே அதிகம் ஓதப்படுகிறது.

ரேயின் வழக்குக்குத் திரும்புவோம். அவர் இறந்து ஏழு வாரங்களில், 2019 மார்ச் 28ஆம் நாள், டெக்சாஸில் பௌத்தக் கைதி ஒருவர் இதே கோரிக்கையோடு வந்தார். அவரும் கடைசி நேரத்தில் வந்தவர்தாம். இம்முறை தண்டனை நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட வாரங்களில் கேகனின் எழுத்து நாடெங்கும் படிக்கப்பட்டிருந்தது. பழமைவாத எழுத்தாளர்கள் சிலரும் ரேவுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று எழுதியிருந்தனர். டெக்சாஸும் அலபாமாவும் தீர்வாகக் கண்டது என்ன தெரியுமா? எச்சமயத்தவரும் கூடத்துக்குள் வர வேண்டாம் என்று போதகர்கள் அனைவரையும் வெளியே நிறுத்தின. அந்தச் சமத்துவமும் நிலைக்கவில்லை; 2022 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. கைதியின் சமயகுரு கூடத்துக்குள் நின்று வாய்விட்டுப் பிரார்த்திக்கலாம், அவர்மேல் கை வைக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதியவர் ராபர்ட்ஸ். 2019இல் இமாமை வெளியே நிறுத்திய ஐவரில் அவரும் ஒருவர்.