‘நாங்கள்’ எங்கே ‘நாம்’ ஆகிறது? : ஒரு முதற் புதினம் குறித்த வாசகர் கருத்துகளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஒரு புதினத்தைப் பற்றி வாசகர்கள் மாறுபட்ட கருத்துகளைக் கொள்வது இயல்பே. அம்மாறுபாடு சுவை வேறுபாட்டால் மட்டும் எழுவதன்று. மூலமொழியின் இலக்கண அமைப்பும் சிலபோது அதற்கு இடந்தருகிறது. அத்தகைய நூல் வேறொரு மொழிக்குச் செல்லும்போது வாசகரின் கருத்துரிமைக்கு என்ன நேர்கிறது என்பதை அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட்டின் முதற் புதினமான ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’யைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1963இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த டார்ட், வெர்மான்ட்டிலுள்ள பென்னிங்டன் கல்லூரியில் பயின்றவர். இப்புதினம் 1992இல் வெளிவந்தது. ‘தி கோல்ட்ஃபிஞ்ச்’ (2013) என்னும் மூன்றாம் புதினத்திற்காக அவர் 2014இல் புலிட்சர் பரிசு பெற்றார். எனினும் வாசகர் விவாதத்தில் முதற் புதினத்திற்குரிய இடம் குறையவில்லை. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளைஞரிடையே அது மீண்டும் பரவலாகப் படிக்கப்பட்டது.

2. கதையும் கருத்துகளும்

வெர்மான்ட்டில் ஹாம்டன் என்னும் கற்பனைக் கல்லூரி. அங்கு ஜூலியன் மாரோ என்னும் ஆசிரியரிடம் ஐந்து மாணவர்கள் மட்டும் கிரேக்கம் பயில்கின்றனர். கலிபோர்னியாவிலிருந்து வரும் ரிச்சர்டு பேப்பன் ஆறாமவனாகச் சேர்கிறான். கதையைக் கூறுபவனும் அவனே. தன் எளிய குடும்பப் பின்னணியை அவன் பிறரிடம் மறைக்கிறான். பிறரோ அவனிடம் அதனினும் பெரியதொன்றை மறைக்கின்றனர்: பண்டைக் கிரேக்க வெறியாட்டினை மீட்க முயன்ற ஓரிரவில் அவர்களால் ஓர் உழவர் கொல்லப்பட்டிருக்கிறார். அன்றிரவு உடனிராத எட்மண்ட் அச்செய்தியை அறிந்து அவர்களை அலைக்கழிக்க, குழு அவனையும் கொல்கிறது. இக்கொலை முகவுரையிலேயே வெளிப்படுத்தப்படுகிறது. யார் செய்தார் என்பதை விடுத்து, ஏன் செய்தார் என்பதையே கதை ஆராய்கிறது.

இந்நூலைப் பற்றிய வாசகர் கருத்துகளை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, விரும்பத்தக்க மாந்தர் ஒருவரும் இல்லை என்பது. இரண்டாவது, எட்மண்டின் சாவுக்குப் பிந்திய பகுதி நீள்கிறது என்பது. மூன்றாவது, கிரேக்க, இலத்தீனத் தொடர்கள் புலமையைக் காட்டும் அணிகலன்களாகவே நிற்கின்றன என்பது. நான்காவது, குழுவின் ஒரே பெண்ணான கமிலாவின் உள்ளம் புலப்படவில்லை, உழவரின் சாவுக்குரிய எடை தரப்படவில்லை என்பது.

இந்நான்கும் நூலாசிரியரின் குறைகளா, கதைகூறியின் குறைகளா? போற்றுவோரும் தூற்றுவோரும் பிரியுமிடம் இதுவே. கமிலாவை நாம் ரிச்சர்டின் ஏக்கத்தின் வழியாகவே காண்கிறோம். உழவரை மறப்பவனும் அவனே. குழுவின் புலமைப் பேச்சில் மயங்கியவன் அதே பேச்சில் அதனைப் பதிவுசெய்கிறான். ஆகவே எல்லா விவாதங்களும் ஒரே வினாவில் வந்து முடிகின்றன: ரிச்சர்டு வெறும் சாட்சியா, உடந்தையா? எட்மண்டைத் தள்ளுவது ஹென்றி. ஆனால் ரிச்சர்டும் அங்கே நிற்கிறான்.

3. தன்மைப் பன்மை

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே பெயர்தான் உண்டு. கேட்போனை அது உளப்படுத்துகிறதா, விலக்குகிறதா என்பது சூழலால் மட்டுமே அறியப்படும். தமிழிலோ ‘நாம்’ கேட்போனை உளப்படுத்தும், ‘நாங்கள்’ விலக்கும். தெலுங்கில் ‘மனமு – மேமு’, மலையாளத்தில் ‘நம்மள் – ஞங்ஙள்’ என இவ்வேறுபாடு வழங்குகிறது. இன்றைய கன்னடத்தின் ‘நாவு’, இந்தியின் ‘ஹம்’ ஆகியவற்றில் இது இல்லை. ஆதலின் இந்தி, கன்னட மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் மயக்கத்தை அவ்வாறே வைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அடிக்கடி தீர்ப்புக் கூற வேண்டியவராகிறார்.

வெறியாட்டு இரவைப் பற்றி ஹென்றி ரிச்சர்டிடம் கூறும் இடத்தில் ஐயமில்லை. ‘நாங்கள்’ என்றே பெயர்க்க வேண்டும். ரிச்சர்டு அங்கு இல்லை. இந்த ‘நாங்கள்’ ரிச்சர்டை விலக்குவது போலவே எட்மண்டையும் விலக்குகிறது. இருவரும் ஒரே வாயிலின் புறத்தே நிற்பவர்கள். ஒருவன் உள்ளே ஏற்கப்படுகிறான், மற்றவன் கொல்லப்படுகிறான். ஆங்கிலத்தில் எளிதில் புலப்படாத இவ்வொற்றுமையைத் தமிழ் தன் இலக்கணத்தாலேயே காட்டிவிடும். இது தமிழுக்குக் கிடைக்கும் ஆக்கம்.

இடர் அடுத்து வருகிறது. எட்மண்டை என்செய்வது எனக் குழு கலந்து பேசும்போது ரிச்சர்டும் அருகில் இருக்கிறான். அவனை நோக்கி ஹென்றி ‘நாம்’ என்றால், ஹென்றி அவனை உள்ளிழுத்தான் என்றாகும். ரிச்சர்டே முதலில் ‘நாம்’ என்றால், அவன் தானாகப் புகுந்தான் என்றாகும். அவன் ‘நீங்கள்’ என்றே கூறிவந்தால் குற்றம் குறைந்து தோன்றும். மூலத்தில் வாசகருக்கு விடப்பட்ட தீர்ப்பு, மொழிபெயர்ப்பில் ஒரு பெயர்ச்சொல்லால் முடிந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வும் தமிழிலேயே உண்டு. இருவகைப் பன்மைக்கும் வினை விகுதி ‘-ஓம்’ என்பதே. ‘என்ன செய்வோம்?’ என்னும் தொடரில் எழுவாய் தோன்றாதபோது, கேட்போன் உள்ளானா புறத்தானா என்பது மயங்கியே நிற்கும். மூலம் மயங்குமிடத்தில் எழுவாயைத் தொகுத்துவிடுவதே தக்கது. ‘எங்களுக்கு – நமக்கு’, ‘எங்கள் – நம்’ என்னும் வேற்றுமை வடிவங்களில் இவ்வுதவி கிட்டாது. அங்குத் தொடரையே மாற்றியமைக்க வேண்டும். ‘நமக்கு ஆபத்து’ என்பதனை ‘ஆபத்து நெருங்குகிறது’ என்று அமைப்பது ஒரு வழி.

4. பிற இடர்கள்

முன்னிலையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ரிச்சர்டு ஜூலியனை ‘நீங்கள்’ என்பான். ஹென்றியை? ‘நீங்கள்’ எனத் தொடங்கி ‘நீ’க்கு மாறினால், நட்பு முதிர்ந்த கணத்தை மொழிபெயர்ப்பாளரே குறித்தவராவார். தொடக்கம் முதலே ‘நீ’ எனக் கொள்வது நன்று. தொலைவை நடையின் இறுக்கத்தால் உணர்த்தலாம். ரிச்சர்டின் நடை பிறந்த வீட்டு நடையன்று, முயன்று கற்ற நடை. அதனை எளிய உரைநடையாக்கினால், பகட்டு என்று வெறுக்கும் வாசகரும், அழகு என்று மயங்கும் வாசகரும் ஒருங்கே ஏமாற்றப்படுவர்.

எட்மண்டின் செல்லப்பெயர் முயலைக் குறிப்பது. அதனை ஒலிபெயர்த்தால் ‘பன்னி’ என்றாகிப் பேச்சுத் தமிழில் பன்றியைச் சுட்டும். கொல்லப்படுவோனை நகைப்புக்குரியவனாக்கும் இத்தவற்றைத் தவிர்க்க, இயற்பெயரை வழங்குவதே முறை.

தலைப்பு, ஆறாம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் பேரரசர் ஜஸ்டினியனைச் சாடி எழுதிய நூலின் ஆங்கிலப் பெயரை நினைவூட்டுகிறது. ‘இரகசியக் கதை’ என்பதினும் ‘மறை வரலாறு’ என்பது பொருந்தும். ‘வரல் + ஆறு’ எனப் பிரித்து, வந்த வழி எனப் பொருள் கொள்வர். ஒரு கொலை வந்த வழியே இந்நூலின் பொருள்.

5. முடிவுரை

முகவுரையில் ரிச்சர்டு வாசகரை நோக்கிக் கூறும் பன்மை தமிழில் ‘நாங்கள்’ என்றே அமையும். பின்னர் அவனே பிறருடைய ‘நாங்கள்’ என்னும் சொல்லால் விலக்கப்பட்டு நிற்பதைக் காண்கிறோம். பிறரது ‘நாங்கள்’ தன்னுடையதாக வேண்டும் என்னும் வேட்கையே இக்கதை. அவ்வேட்கைக்கு உழவர் ஒருவரின் சாவும் நண்பன் ஒருவனின் சாவும் விலையாயின.

அவ்வேட்கை எக்கணத்தில் குற்றமாயிற்று என்பதில் வாசகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறுபடுகின்றனர். அம்மாறுபாட்டைத் தீர்த்துவைப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று; தமிழ் வாசகரும் அவ்வாறே மாறுபட இடமளிப்பதே அவர் பணி. ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகியவற்றுள் ஒன்றனை எழுதுமுன், மூலம் அதனை உறுதியாகக் கூறுகிறதா என ஒவ்வோரிடத்தும் வினவிக்கொள்வது அதற்கு முதற்படியாகும்.