பெட்டிக்குள் ஒரு கடிகாரம்

பழைய பாக்கெட் கடிகாரம் சேகரிப்பவர்களில் கடிகாரத்தை விரும்புகிறவர் உண்டு. அது தம்மிடம் இருப்பதை மட்டும் விரும்புகிறவரும் உண்டு. ஒரே கடிகாரத்தின் கதையில் இந்த இரண்டு மனப்போக்கையும் பார்த்துவிடலாம்.

1783இல், பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்துக்கென்று பாரிஸ் கடிகார மேதை பிரெகேயிடம் ஒரு கடிகாரம் செய்யச் சொன்னார்கள். அன்று தெரிந்த நுட்பங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். செலவைப் பற்றிக் கவலையில்லை. 1793இல் ராணியின் தலை போயிற்று. 1823இல் பிரெகேயும் போய்ச் சேர்ந்தார். 1827இல்தான் வேலை முடிந்தது.

பின்னாளில் அதை வாங்கிய ஆங்கிலேயர் டேவிட் லயனல் சாலமன்ஸ், பிரெகேயின் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்; ஆராய்ந்து 1921இல் புத்தகமும் எழுதினார். அவருடைய மகள் அவற்றில் பலவற்றை, ஜெருசலத்தில் தாம் ஏற்படுத்திய மியூசியத்துக்கு அளித்தார். 1983இல் ஒரு திருடன் புகுந்து, இதையும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கொண்டுபோனான். ராணியின் கடிகாரத்தை அவன் யாரிடம் காட்ட முடியும்? அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அவன் இறந்த பிறகு, 2007இல்தான் அது மீண்ட செய்தி உலகத்துக்குத் தெரிந்தது.

திருடனைத் திட்டுவது சுலபம். விலை கொடுத்து வாங்கிப் பாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் கனவானிடம் ரசீது இருக்கிறது. மற்றபடி கடிகாரத்துக்கு இரண்டும் ஒரே இருட்டுத்தான். சாலமன்ஸ் தாம் கண்டதை எழுதி வைத்தார். அதைப் படித்தவன் ஒரு கடிகாரமும் வாங்காமலே அந்தச் சேகரிப்பில் பங்காளியாகிவிடுகிறான்.