தேர்வுப் பட்டியலுக்கு வெளியே

ஒரு தேசிய அணியின் பெயர்ப்பட்டியல் வெளியாகும் நாளில் கால்பந்து ரசிகர்கள் எல்லாருமே பயிற்சியாளர்கள் ஆகிவிடுகிறார்கள். இவரை ஏன் விட்டார்கள், அவருக்கு இன்னும் என்ன வயது, நடுக்களத்தில் மூவரா இருவரா, பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஆடுவதா, பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருப்பதா? இந்த வாக்குவாதத்தின் சுவை தனி. தொண்ணூறு நிமிட ஆட்டத்தை விட அதைப் பற்றிய பேச்சில் நாம் செலவிடும் நேரம்தான் அதிகம்.

இந்தப் பேச்சுக்கு எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. அணித்தேர்வு என்றால் திறமை, உடல்தகுதி, ஆட்டமுறை ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். நான்காவதாக எதைக் கொண்டுவந்தாலும் அது ‘அரசியல்’, ‘விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாதது’. பெண்கள் ஆடும் ஆட்டத்தில் அந்த நான்காவது விஷயம்தான் பல சமயங்களில் முதலாவது விஷயமாக இருக்கிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியையும், அதைச் சுற்றி நடந்த ரசிகர் விவாதத்தையும் இங்கே எடுத்துக்கொள்வது அதனால்தான்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் ஸ்பெயின் தேசிய அணியின் பதினைந்து வீராங்கனைகள் தங்கள் நாட்டுக் கால்பந்து சம்மேளனத்துக்குத் தனித்தனியே மின்னஞ்சல் அனுப்பினார்கள். தேசிய அணியில் உள்ள நிலைமை தங்கள் மனநிலையையும் அதன் வழியாக உடல்நலத்தையும் பாதிக்கிறது, அது சரிசெய்யப்படும்வரை தங்களைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அவற்றின் சாரம். பாத்ரி கிஹாரோ, மாபி லியோன், அய்த்தானா பொன்மத்தி, கிளாடியா பீனா போன்ற பார்சிலோனா வீராங்கனைகள் அதில் இருந்தார்கள். சம்மேளனம் அந்த மின்னஞ்சல்களை உடனே வெளியில் சொன்னது. தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் அவர்கள் திரும்பி வர முடியும் என்றும் அறிவித்தது. பயிற்சியாளர் ஹோர்கே வில்டா பதவியில் நீடித்தார்.

அதன் பிறகு ரசிகர்கள் பேசிய பேச்சை மூன்று வாதங்களாகப் பிரிக்கலாம். மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும்.

முதல் வாதம்: அணியைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியாளரின் உரிமை; பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது வீராங்கனைகளின் வேலை அல்ல. பொதுவாகப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது. ஆடுபவர்கள் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளரை மாற்றிக்கொண்டிருந்தால் எந்த அணியும் உருப்படாது. ஆனால் இந்தப் பொதுவிதி யாருக்கு எப்போது நினைவுக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2018 ஜூன் 13 அன்று, ஆண்கள் உலகக் கோப்பையில் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தை ஆட இரண்டே நாள் இருந்தபோது, பயிற்சியாளர் ஹூலென் லோபதேகி நீக்கப்பட்டார். ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போக அவர் ஒப்புக்கொண்டிருந்ததுதான் காரணம். நீக்கியவர் அதே சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ். தனக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்ற மனக்குறைக்காக ஒரே நாளில் ஒரு பயிற்சியாளரை மாற்ற முடிந்த அமைப்புக்குத்தான், பதினைந்து பெண்களின் மின்னஞ்சல்கள் வந்தபோது பயிற்சியாளர் பதவி அசைக்கவே முடியாததாகத் தெரிந்தது. அதிகாரத்தில் இருப்பவரின் கௌரவம் புண்பட்டால் அது நிர்வாகப் பிரச்சினை. வீராங்கனைகளின் நலம் கெட்டால் அது அடம்பிடித்தல்.

இதற்கு முன்கதையும் உண்டு. வில்டாவுக்கு முன் அந்த அணியைப் பயிற்றுவித்த இக்னாசியோ கெரேதா 1988 முதல் 2015 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். ஸ்பெயின் பெண்கள் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது 2015இல், கனடாவில். முதல் சுற்றிலேயே வெளியேறிய பிறகு வீராங்கனைகள் கூட்டாக அவர் விலக வேண்டும் என்று கேட்டார்கள். அவர் நடத்திய விதம் பற்றிய கசப்பான வாக்குமூலங்கள் பின்னர் வெளிவந்தன. உலகில் எந்த ஆண்கள் அணி, கோப்பை எதுவும் இல்லாமல், ஒரே பயிற்சியாளரை இருபத்தேழு ஆண்டுகள் தாங்கும்? அவரைப் போலத் தோற்றவரை அங்கே ரசிகர்களே இரண்டாம் ஆண்டில் விரட்டியிருப்பார்கள். பெண்கள் அணியை அப்போது பார்த்தவர்களே குறைவு. பார்ப்பவர் இல்லாத இடத்தில் கேட்பாரும் இல்லை. 2022இல் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் இந்த வரலாற்றை அறிந்தவர்கள். காத்திருந்தால் எத்தனை காலம் காத்திருக்க நேரும் என்ற கணக்கு அவர்களுக்கு முந்தைய தலைமுறை விட்டுச்சென்றது.

இரண்டாம் வாதம் ஆட்டபாணி பற்றியது. உலகக் கோப்பையில் 2023 ஜூலை 31 அன்று வெலிங்டனில் ஸ்பெயின் ஜப்பானிடம் 0-4 என்று தோற்றது. ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து ஸ்பெயினிடம்தான் இருந்தது. ஜப்பான் ஒதுங்கி நின்று, பந்து கிடைத்த மாத்திரத்தில் ஸ்பெயின் தடுப்பாட்டத்தின் முதுகுக்குப் பின்னால் ஓடியது. பந்தைச் சுற்றிச்சுற்றிக் கடத்திக்கொண்டிருப்பதால் என்ன பயன் என்று ரசிகர்கள் கேட்டார்கள். வில்டா அடுத்த ஆட்டத்துக்குப் பல மாற்றங்கள் செய்தார். கோல்கீப்பர் மிசா ரோட்ரிகஸுக்குப் பதில், அதுவரை தேசிய அணிக்காக ஆடியே இராத காட்டா கோல் இறங்கினார். ஸ்விட்சர்லாந்தை 5-1 என்று வென்றார்கள். பிறகு நெதர்லாந்து, சுவீடன், இறுதியில் இங்கிலாந்து. வில்டா பாடம் கற்றார், துணிந்தார், வென்றார் என்று கதை முடிந்தது.

இந்தக் கதையில் ஒரு கேள்வி காணாமல் போகிறது. அந்த ஆட்டபாணி யாருடையது? இறுக்கமான இடத்திலும் பந்தை வாங்கி, அரைத் திருப்பத்தில் முன்னால் தள்ளிவிடும் பொன்மத்தியின் ஆட்டம் தேசிய அணி முகாமில் சில வாரங்களில் வந்ததில்லை. கிளப்பில், ஆண்டுக்கணக்கான தினசரிப் பயிற்சியில் வந்தது. 2023 ஜூன் 3 அன்று ஐந்தோவனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பார்சிலோனா வுல்ஃப்ஸ்பர்கிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தது. இடைவேளை முடிந்து சில நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களையும் அடித்துச் சமன் செய்தவர் பாத்ரி கிஹாரோ. ஆட்டம் 3-2 என்று முடிந்தது. ஐரோப்பாவின் மிகப்பெரிய கிளப் ஆட்டத்தைத் திருப்பியவர் ஏழு வாரம் கழித்துத் தொடங்கிய உலகக் கோப்பையில் இல்லை. ஜப்பானுக்கு எதிராக ஸ்பெயின் தடுமாறிய இடம், நடுக்களத்துக்கும் தடுப்பாட்டத்துக்கும் நடுவே திறந்து கிடந்த வெளி. கிளப்பில் அந்த வெளியைக் காப்பது கிஹாரோவின் வேலை. அந்த வேலைக்கு ஆட்டவரைபடத்தில் ஒரு புள்ளிதான் உண்டு. அந்தப் புள்ளி ஏன் காலி என்று கேட்டிருந்தால் ஆட்டமுறை பற்றிய விவாதம் தானாகவே வேலைச்சூழல் பற்றிய விவாதமாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டபாணியைப் பற்றிப் பேசும்போது ஆண் பயிற்சியாளருக்கு ‘சிந்தனை’ என்ற சொல்லையும், ஆடும் பெண்ணுக்கு ‘இயல்பான திறமை’ என்ற சொல்லையும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். யோசித்தவர் அவர், செய்து காட்டியவர் இவர். அடுப்படியில் வேலை ஒருத்தியுடையதாகவும் கைப்பக்குவத்தின் பெருமை குடும்பத்துடையதாகவும் இருக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தப் பங்கீடு புதிதல்ல.

மூன்றாம் வாதம்தான் மிக வலுவானது, மிக ஆபத்தானதும்கூட: வென்றுவிட்டார்களே! 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஓல்கா கார்மோனா 29ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் ஸ்பெயின் உலகச் சாம்பியன் ஆனது. சம்மேளனம் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வில்டாவைக் கொண்டாடியது. பதினைந்து பேருக்கும் காலம் பதில் சொல்லிவிட்டது என்றார்கள் ரசிகர்கள் பலர்.

வெற்றியை ஆதாரமாக ஏற்றால் பக்கத்து நாட்டை என்ன செய்வது? அதே 2023 பிப்ரவரியில் பிரான்ஸ் கேப்டன் வெண்டி ரெனார் தன் மனநலத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி உலகக் கோப்பையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். வேறு இரு முன்னணி வீராங்கனைகளும் விலகினார்கள். பிரான்ஸ் சம்மேளனம் மார்ச்சில் பயிற்சியாளர் கொரின் டியாக்ரை நீக்கியது. அவர் ஒரு பெண் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பயிற்சியாளரின் பாலினத்தை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ரெனார் திரும்பினார். பிரான்ஸ் காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில் தோற்றது. அப்படியானால் வீராங்கனைகள் சொன்னதைக் கேட்டது தவறா? ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் பெனால்டியைக் கம்பத்தில் அடித்திருந்தால் அது சரியாகியிருக்குமா? ஒரு பணியிடத்தில் பெண்கள் நடத்தப்பட்ட விதம் நியாயமா என்பதைப் பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் போகிறது என்பது தீர்மானிக்க முடியாது. அப்படித் தீர்மானிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால், முறையிடும் உரிமை தோற்கும் பெண்களுக்குத்தான், வெல்லும் பெண்களுக்கு இல்லை என்றாகும். தோற்கும் பெண்கள் முறையிட்டாலோ அது சாக்கு என்பார்கள்.

பிறகு நடந்ததை உலகமே அறியும். பதக்கமளிப்பு மேடையில் ரூபியாலெஸ் ஜென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். ஐந்து நாள் கழித்துச் சம்மேளனக் கூட்டத்தில் பதவி விலக மாட்டேன் என்று முழங்கினார். வில்டாவுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் யூரோ சம்பளத்தில் புதிய ஒப்பந்தம் தருவதாகவும் சொன்னார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களில் வில்டாவும் ஒருவர். உலகக் கோப்பை வென்ற 23 பேர் உட்பட 81 வீராங்கனைகள், இந்தத் தலைமை இருக்கும்வரை தேசிய அணிக்கு ஆட மாட்டோம் என்றார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வில்டா நீக்கப்பட்டார், சில நாட்களில் ரூபியாலெஸ் விலகினார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ரூபியாலெஸைப் பாலியல் அத்துமீறல் குற்றவாளி என்று அறிவித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது. எர்மோசோவை நிர்ப்பந்தித்ததாக அவர் மீதும் வில்டா உள்ளிட்டோர் மீதும் இருந்த குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

ஓராண்டுக்கு முன் பதினைந்து பேர் எழுதியபோது நம்பாத ரசிகர்கள் இப்போது நம்பினார்கள். என்ன மாறியது? கேமரா இருந்தது. நேரலை இருந்தது. கழுத்தில் தங்கப் பதக்கம் இருந்தது. ஒரு பெண்ணின் சொல் செல்லுபடியாக இத்தனை சாட்சியம் தேவைப்பட்டது. மூடிய கதவுக்குள் நடப்பதைப் பற்றி, பதக்கம் வாங்காத பெண் எழுதும் கடிதத்துக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

இங்கே நம் பக்கத்து வாதத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். போனவர்கள் துரோகிகள், போகாதவர்கள் போராளிகள் என்று பிரிக்கும் பேச்சு பெண்ணிய ரசிகர்களிடமும் கேட்டது. பதினைந்து பேரில் பொன்மத்தி, மரியோனா கால்தென்தேய், ஓனா பாட்லே மூவரும் உலகக் கோப்பைக்குத் திரும்பினார்கள். இறுதி ஆட்டத்தில் முதல் பதினொருவரில் ஆடினார்கள். சில நிலைமைகள் மேம்பட்டிருப்பதாக அவர்கள் கருதினார்கள். கார்மோனா, சால்மா பாராயுவேலோ போன்றோர் கடிதம் எழுதவே இல்லை. ஒரு கால்பந்து வீராங்கனைக்கு உச்சநிலையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று உலகக் கோப்பைகள்தான் வாய்க்கும். அதை விட்டுக்கொடுக்கும் முடிவைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. 2023 செப்டம்பரில் புதிய பயிற்சியாளர் மோன்ட்ஸே டோமேயின் முகாமிலிருந்து லியோனும் கிஹாரோவும் வெளியேறினார்கள், மற்றவர்கள் தங்கினார்கள். கிஹாரோ பின்னர் திரும்பினார். 2025 யூரோ இறுதிவரை ஆடினார். ஒரே அநீதிக்கு எதிராக நின்றவர்கள் வேறுவேறு நாளில், வேறுவேறு விலை கொடுத்து முடிவெடுத்தார்கள். அவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது, மன்னிப்புக் கேட்டு வா என்று சொன்ன சம்மேளனத்தின் வேலையை நாமே செய்து முடிப்பதாகும்.

அணித்தேர்வு விவாதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கோல்கீப்பரை மாற்றியது சரியா என்று இரவு முழுக்கப் பேசலாம்; பெண்களின் ஆட்டம் அப்படிப் பேசப்படத்தான் வேண்டும். அனுதாபத்தோடு மட்டும் பார்க்கப்படுவதும் ஒரு அவமதிப்பே. ஆனால் பட்டியலில் ஒரு பெயர் இல்லாதபோது, ஆட்டமுறைக்குப் பொருந்தவில்லை போலும் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் எங்கே, எதனால் வரவில்லை, வந்தால் அவருக்கு என்ன நேரும் என்பதையும் கேட்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் அதுவும் ஆட்டத்தைப் பற்றிய அறிவுதான். அதைத் தெரிந்துகொள்ளாதவருக்கு அந்த 0-4 ஏன் நடந்தது என்பதும் பாதிதான் புரியும்.