கேண்டன் மழையும் கேப்புத் துப்பாக்கியும்

பழைய துப்பாக்கிகளின் வரலாற்றைப் படிக்கிறவங்க கண்ணில் ரெண்டு விஷயம் அடிக்கடி படும். ஒண்ணு, 1834-ல் இங்கிலாந்தின் வூலிச்சில் நடந்த சோதனை. சக்கிமுக்கித் துப்பாக்கியால் 6,000 தடவை சுட்டதில் 922 தடவை வெடிக்கவில்லை. புதுசா வந்த கேப்புத் துப்பாக்கியில் அதே 6,000-க்கு 36 தான். ஆறரைக்கு ஒண்ணு எங்கே, 166-க்கு ஒண்ணு எங்கே!

ரெண்டாவது, அந்தக் கணக்குக்குச் சாட்சியா சொல்லப்படும் ஒரு சம்பவம். 1841 மே 30, முதல் அபினிப் போர். சீனாவின் கேண்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி வட்டாரத்தில் இடியும் மழையும். 37-ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி, சுமார் 60 பேர், லெப்டினன்ட் ஹேட்ஃபீல்டு தலைமையில் வழிதவறித் தனியா மாட்டிக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான கிராமத்து ஆட்கள் ஈட்டியோடும் வாளோடும் சுத்தி வளைச்சாங்க. துப்பாக்கி எல்லாம் நமத்துப் போச்சு. ஜெனரல் கஃப் ராயல் மரீன்ஸ் படையில் ரெண்டு கம்பெனியைத் தேடி அனுப்பினார். அவங்க கையில் கேப்புத் துப்பாக்கி. மழையிலும் அது வெடிச்சுது, சிப்பாய்கள் மீண்டாங்க.

இதிலிருந்து எடுக்கப்படும் பாடம்: பழைய தொழில்நுட்பம் கைவிட்டது, புதுசு காப்பாத்துச்சு. இந்தப் பாடத்தில்தான் எனக்குச் சிக்கல்.

முதல்ல அந்தப் பொறி எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும். வெளியே ஒரு சின்னக் கிண்ணியில் இருக்கிற மருந்துத் தூள் பத்திக்கும். அந்த நெருப்பு ஒரு துளை வழியா குழலுக்குள் போய் உள்ளே கெட்டிச்ச மருந்தைப் பத்த வைக்கும். கல், கிண்ணி, துளை, மூணும் வானத்தைப் பார்த்த மாதிரி. கேப்புத் துப்பாக்கியில் இந்த மூணுக்கும் பதிலா ஒரு நிப்பிள், அதன் மேல் மாட்டுற குட்டிச் செம்புத் தொப்பி. அதுக்குள் அடிபட்டால் வெடிக்கும் ரசாயனம். தீபாவளிக்கு நாம சுடுற கேப்புக்கு இது தாத்தா முறை.

இப்போ சம்பவத்துக்கு வருவோம். ஆங்கிலேயத் தரப்புக் குறிப்புகளில் ஒரு சின்ன விவரம் வருது. வரிசையிலிருந்து இழுத்துப் போடப்பட்ட ஒரு சிப்பாயின் துப்பாக்கியை ஒரு சீனர் எடுத்தார். கிண்ணியில் புது மருந்து போட்டார். தன்கிட்ட இருந்த எரியும் திரியை அதில் வெச்சார். அது வெடிச்சு என்சைன் பெர்க்லிங்கிற அதிகாரியைக் காயப்படுத்துச்சு. எதிரியின் சாமர்த்தியத்துக்கு உதாரணமா இதைச் சொல்லிட்டுக் கடந்து போயிடுறாங்க. என் கண்ணுக்கு மொத்தக் கதையிலும் முக்கியமான வரி இதுதான். சிப்பாய் கையில் வெடிக்காத அதே துப்பாக்கி இன்னொருத்தர் கையில் வெடிச்சிருக்கு! அப்போ குழலுக்குள் இருந்த மருந்து நல்லாத்தான் இருந்திருக்கு. கோளாறு வெளியே, கல்லிலும் கிண்ணியிலும். திரி அணையாம இருந்திருக்குன்னா அந்த நேரம் மழையும் கொஞ்சம் தணிஞ்சிருக்கணும். ஒரு துப்பாக்கியை வெச்சு அறுபதுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனா எந்த இடத்தில் அறுந்துச்சுன்னு பிரிச்சுக் காட்டுற ஒரே தடயம் அது.

அதே மாதிரி அந்த 36-ஐயும் பிரிச்சுப் பார்க்கணும். கேப்பு வந்ததும் கோளாறு ஒழியலை, இடம் மாறுச்சு. கேப்பே வெடிக்கலைன்னா ஒரு காரணம்: சுத்தியலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லாட்டி தொப்பி நிப்பிளில் முழுசா உட்கார்ந்திருக்காது. முதல் அடி அதை உள்ளே தள்ளும், ரெண்டாவது அடியில்தான் வெடிக்கும். கேப்பு வெடிச்சும் குண்டு போகலைன்னா காரணமே வேற: நிப்பிளின் துளையில் எண்ணெயோ கரியோ அடைச்சிருக்கும், அல்லது அடியில் இருக்கிற மருந்து ஈரமாயிருக்கும். கரிமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல் திடக் கசடாவே தங்கும். அந்தக் கசடு காத்திலிருக்கிற ஈரத்தையும் இழுக்கும். அதனாலதான் மருந்து கெட்டிக்கிறதுக்கு முன்னாடி வெறும் கேப்பை மட்டும் வெடிச்சு, குழல் வாயில் புல்லு ஆடுதான்னு பார்க்கிற பழக்கம் வந்துச்சு. ஆடினால் வழி திறந்திருக்கு. மூணாவது வகை, தாமதிச்சு வெடிக்கிறது. வெடிக்கலைன்னு நினைச்சு உடனே முகத்துப் பக்கம் திருப்பினா ஆள் காலி. கேப்பின் உண்மையான வெற்றி என்னன்னா, மழை நுழையுற பெரிய வாசலை மூடினது. மத்த வாசல்களைச் சுத்தம் பண்ணிப் பார்த்துக்கிற வேலை கடைசி வரைக்கும் சிப்பாய் தலையிலதான் இருந்துச்சு.

அடுத்த ஆட்சேபணை. மரீன்ஸ் வந்து சேரும் வரைக்கும் அந்த அறுபது பேரைக் காப்பாத்தினது எது? சதுரமா நின்னு, துப்பாக்கி முனையில் மாட்டின சனியனை நீட்டிக்கிட்டு, சுடாத இரும்பை ஈட்டியா பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மணிக்கணக்கில், கொட்டுற மழையில், வரிசை கலையாம. தொழில்நுட்பக் கதையில் இது பின்னணிக் காட்சியா சுருங்கிடுது. சீனாவில் இதே சம்பவம் மக்களின் வீரக் கதை. சான்யுவான்லியில் நினைவகமே இருக்கு. அங்கே சிப்பாய் வெள்ளைக்காரனின் கூலிப்படை. தங்கள் ஊருக்குள் வந்தவனை அவங்க அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை. நம்ம பக்கத்திலோ இதைச் சொல்லவே ஆளில்லை. மெட்ராஸ் மாகாணத்தில் ஆள் சேர்த்த படை அது.

கடைசியா ஒரு தேதிக் கணக்கு. கேப்புக்கு அடிப்படையான ரசாயனத்தைத் துப்பாக்கியில் பயன்படுத்த பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கினது 1807. நம்ம தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805. அவர் எதிர்கொண்ட கும்பினிப் படையிடம் சக்கிமுக்கித் துப்பாக்கி. அதுக்கு 36 வருஷம் கழிச்சு, வூலிச் சோதனையும் முடிஞ்சு ஏழு வருஷம் ஆன பிறகு, கடல் தாண்டிப் போன மெட்ராஸ் சிப்பாய் கையிலும் அதே சக்கிமுக்கி. பக்கத்தில் நின்ன ராணியின் மரீன்ஸிடம் புதுசு. மழை ரெண்டு பேர் மேலயும் ஒரே மாதிரிதான் பெய்ஞ்சுது.

சாஃப்ட்வேர் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் 'பழைய மெஷின்'னு காரணம் எழுதி அறிக்கையை முடிச்சிடுறது சுலபம். ஏன் அந்த இடத்தில் மட்டும் பழைய மெஷின் இருந்துச்சுங்கிற கேள்வியைத்தான் யாரும் விரும்ப மாட்டாங்க. சக்கிமுக்கி ஆறரைக்கு ஒரு தடவை கைவிடும்னு 1834-லேயே எழுதி வெச்சாச்சு. தெரிஞ்ச பிறகும் அது யார் கையில் கொடுக்கப்பட்டதுங்கிறதையும் சேர்த்துச் சொன்னாத்தான் கேண்டன் கதை முழுசாகும்.