தகப்பனே நியாயாதிபதி

தமிழ்ப் புரொட்டஸ்டண்டு சபைகளின் ஜெபத்தில் ஒரு துணிச்சல் உண்டு. எழுதிவைத்த வாசகம் வேண்டாம், பரிந்து பேசப் புனிதர் எவரும் வேண்டாம். ‘தகப்பனே’ என்று தொடங்கி, கேட்க வேண்டியதைச் சொந்தப் பேச்சில் கேட்டுவிடுவார்கள். வீட்டுக் கூட்டத்திலும் உபவாச ஜெபத்திலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இதே உரிமைக் குரல்தான். இதற்கு ஆதாரமாக எபிரெயர் நிருபத்தின் 4:16 எடுத்துக்காட்டப்படுகிறது: கிருபாசனத்தண்டை தைரியமாய்ப் போகலாம். அதற்கு மூன்று வசனம் முன்னால் இருப்பதை அதே அளவு யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவரின் கண்களுக்கு எதுவும் மறைவில்லை என்கிறது 4:13. பேதுருவின் முதல் நிருபம் 1:17 இன்னும் நேரடியானது. பட்சபாதமில்லாமல் அவனவன் செய்கையைப் பார்த்துத் தீர்ப்பவரைத்தான் நீங்கள் பிதா என்று கூப்பிடுகிறீர்கள், ஆகையால் பயத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தகப்பனும் நியாயாதிபதியும் ஒருவரே என்பதில்தான் அந்தத் தைரியம் நிற்கிறது. இன்றைய வழக்கம் தகப்பனை வைத்துக்கொண்டு நியாயாதிபதியை மெல்ல வெளியே அனுப்பிவிட்டது. அதனால் இழப்பு யாருக்கு என்பதே இங்கே கேள்வி.

முதலில், இந்த உரிமைக் குரல் சும்மா வந்ததல்ல. 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தருக்குக் கடவுள் நியாயாதிபதியாக மட்டுமே தெரிந்தார். எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் அவர் மனம் ஆறவில்லை. தேவநீதி என்ற சொல்லையே வெறுத்ததாக, சாவதற்கு முந்திய ஆண்டு, 1545-ல் தன் லத்தீன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். அந்த இருட்டிலிருந்து வெளியே வந்தவர் 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார்; 1531-ல் அதில் பரமண்டல ஜெபத்தின் முதல் வரிக்கு அவர் சேர்த்த விளக்கம், அன்பான பிள்ளைகள் அன்பான தகப்பனிடம் கேட்பதுபோலக் கேளுங்கள் என்பது. 1706-ல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அந்த நூலைத் தமிழாக்கினார். பெரிய இடத்துக்கு மனு எழுதவும் ஆள் தேட வேண்டிய சமூகத்தில், எழுத்தறியாத ஒருவர் நேரே கடவுளிடம் பேசலாம் என்றால் அது சாதாரண மாற்றமல்ல. இந்த வழக்கத்தில் வேறெதைக் குறை சொன்னாலும் இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குறை எங்கே தொடங்குகிறது? லூக்காவின் 18-ஆம் அதிகாரத்தில் இரண்டு ஜெபக் கதைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் ஒரு விதவை, தனக்கு நியாயம் வேண்டும் என்று நியாயாதிபதியை விடாமல் நச்சரிக்கிறாள். இரண்டாவதில் ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல் இரக்கம் கேட்கிறான். இருவர் விண்ணப்பமும் ஏற்கப்படுகிறது, ஆனால் இருவரும் நிற்கும் இடம் வேறு. அநியாயத்துக்கு ஆளானவள் கதவைத் தட்டுகிறாள். பிறர் பணத்தைத் தின்ற தொழிலைச் சேர்ந்தவன் ஒதுங்கி நிற்கிறான். நம்முடைய கூட்டங்களில் இந்த வேறுபாடு கரைந்துபோய்விட்டது. கடன் கொடுத்து ஏமாந்தவரும் வாங்கி ஏமாற்றியவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே சத்தத்தில் ஆசீர்வாதத்தை உரிமை கொண்டாட முடிகிறது. விசுவாசித்தால் செல்வம் வரும் என்னும் செழிப்பு உபதேசம் இதைப் பெரிதாக்கியது. தொடங்கி வைத்தது அதுவல்ல. விசாரிக்காத தகப்பன் யாருக்கு வசதி என்று பார்த்தாலே விஷயம் விளங்கும்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1958-ல் சங்கீதங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வேறுபாட்டைத் தொட்டிருக்கிறார். கிறிஸ்தவன் கடைசித் தீர்ப்பைக் குற்ற வழக்காக நினைத்து, தான் கூண்டில் நிற்பதாகக் காண்கிறான். சங்கீதக்காரனோ அதை உரிமை வழக்காக நினைத்து, வாதியாக நிற்கிறான் என்கிறார். 96-ஆம் சங்கீதத்தில் கடவுள் நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள்கூடக் கெம்பீரிப்பது இதனால்தான். பறிகொடுத்தவனுக்கு நியாயாதிபதியின் வருகை நற்செய்தி. 68-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம் திக்கற்ற பிள்ளைகளின் தகப்பன், விதவைகளின் நியாயாதிபதி என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சீகன்பால்குவே 1708-ல், ஒரு விதவையின் கடன் தகராறில் தலையிட்டு டேனிஷ் அதிகாரியோடு மோதியதில், நான்கு மாதம் சிறையில் இருந்தவர். நமக்கு ஞானோபதேசம் நினைவிருக்கிறது, அந்த வழக்கு அவ்வளவாக இல்லை.

ஜெபத்தில் நியாயாதிபதியும் வேண்டும் என்பதை மறுப்பவர்களின் வாதம் வலுவானது. நம் தைரியத்துக்கு நம் நடத்தை காரணமல்ல, கிறிஸ்துவின் இரத்தமே காரணம் என்று எபிரெயர் 10:19 சொல்கிறது. நியாயாதிபதியைத் திரும்ப அழைத்தால் லூத்தர் பட்ட வேதனைக்கே ஜனங்களைத் தள்ளுவதாகும் என்பார்கள். நரகத்தைக் காட்டியே சபையை அடக்கிய பிரசங்கிகள் இருந்திருக்கிறார்கள் என்பதால் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் லூத்தரே அப்படிப் பிரிக்கவில்லை. அதே ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளுக்கான விளக்கங்கள், கடவுளுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும் என்றே தொடங்குகின்றன. அவர் விட்டொழித்தது, தீர்ப்பைத் தன் புண்ணியத்தால் சரிக்கட்டலாம் என்ற கணக்கை, தீர்ப்பவரை அல்ல. இன்னொரு மறுப்பும் உண்டு: குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடம் வளர்ந்த பெண்ணுக்கு ‘தகப்பன்’ என்ற பெயரே ஆறுதல் தராது. உண்மைதான். அவளுக்கு முதலில் வேண்டியது அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்து, அது தவறு என்று தீர்ப்புச் சொல்லும் ஒருவர். நியாயாதிபதி இல்லாத ஜெபம் அவளைத்தான் முதலில் கைவிடுகிறது.

துணிச்சலின் உச்சம் என்று வேதாகமத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஆதியாகமம் 18-ஐச் சொல்லலாம். சர்வலோக நியாயாதிபதி நியாயம் செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் முகத்துக்கு நேரே கேட்டு, 50 நீதிமான்களில் தொடங்கி 10 பேர் வரை பேரம் பேசுகிறான். தன் வீட்டுக்கோ மந்தைக்கோ அல்ல, அழிவை எதிர்நோக்கிய சோதோம் நகருக்காக. நியாயாதிபதி என்ற பட்டத்தையே பிடித்துக்கொண்டு இரக்கம் கேட்கும் இந்த வகை ஜெபம் இன்று அரிதாகிவிட்டது. சாட்சி சொல்லும் நேரத்தில் வேலை கிடைத்ததும் வீடு கட்டியதும் வருகின்றன. ஆயக்காரன் சகேயுவைப்போல அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்த சாட்சி வருவதில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24-க்கு ஜெபக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எந்த நேரமும் ஒதுக்கப்படுவதில்லை.