விக்டோரியாவின் தலைக்கவசக் கணக்கு

சைக்கிள் ஓட்டுகிறவர் தலைக்கவசம் அணிந்தே ஆக வேண்டும் என்று உலகிலேயே முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1990 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. 1994-இல் நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. சட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் ஒரே விக்டோரியாவின் எண்களைத்தான் என்பது இதில் வேடிக்கை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்கவசம் நல்ல பொருள். அதைக் கட்டாயமாக்குவது மோசமான சட்டம். பொருளைப் பற்றிய கேள்வியையும் சட்டத்தைப் பற்றிய கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் பொருள். விலை எவ்வளவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மோகோல்தான். டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருகிற அதே சரக்கு, அடர்த்தி மட்டும் கூடுதல். தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் அடியின் வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது, மாற்றிவிட வேண்டும். ஐரோப்பியத் தரவிதிப்படி இதைச் சோதிக்கிறபோது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். அதாவது பள்ளத்தில் சக்கரம் இறங்கி, மணலில் சறுக்கி, குறுக்கே ஓடிவந்த நாய்க்குப் பயந்து விழுகிறவருக்காகச் செய்த பொருள் இது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற லாரிக்காகச் செய்ததல்ல. லாரி இடித்தாலும் கடைசியில் தலை போய் மோதுவது சாலையில்தான் என்பதால் அங்கேயும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அந்த ஓரளவை நம்பி யாரும் லாரிக்கு எதிரே போய் நிற்க முடியாது.

எவ்வளவு காக்கிறது? 1989-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வு, தலைக்காயத்தின் வாய்ப்பு 85 சதவீதம் குறைகிறது என்றது. அந்த எண் உலகெங்கும் சுற்றியது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு காட்டாததால், 2013-இல் அமெரிக்க அரசுத் துறைகளே அதைத் தங்கள் பிரசுரங்களிலிருந்து எடுத்துவிட்டன. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், காயம்பட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவு என்று வந்தது. கவசம் அணிகிறவர் பொதுவாகவே நிதானமாக ஓட்டுகிறவர், குடித்துவிட்டு ஏறாதவர் என்று கழிவு போட்டுப் பார்த்தாலும் மிஞ்சுகிற பலன் சிறியதல்ல.

இந்த ஆய்வுகள் எல்லாம் ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களைப் பற்றியவை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. விழுந்தவருக்குக் கவசம் உதவியதா என்று மருத்துவமனைப் பதிவேடு சொல்லும். சட்டம் வந்ததால் ஊருக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது.

அதற்குத்தான் விக்டோரியாவைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் விளைவை மதிப்பிட்ட ஒரு அறிக்கை தரும் கணக்கு இது: சட்டத்துக்குச் சற்று முன் கவசம் அணிந்தவர்கள் 31 சதவீதம். ஓராண்டு கழித்து 75. தலைக்காயத்தால் இறந்த அல்லது மருத்துவமனையில் சேர்ந்த சைக்கிள்காரர்களின் காப்பீட்டுக் கோரிக்கைகள் முதல் ஆண்டில் 48 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 70 சதவீதமும் குறைந்தன. மகத்தான வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் அதே அறிக்கையிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. தலையில் அடிபடாமல் வேறு காயங்களோடு வந்தவர்களும் முறையே 23, 28 சதவீதம் குறைந்திருந்தார்கள். தலையில் மாட்டிய கவசம் முழங்காலைக் காப்பதில்லை. அப்படியானால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. 1989 இறுதியிலிருந்தே குடித்துவிட்டு ஓட்டுபவர்களையும் வேகமாக ஓட்டுபவர்களையும் அந்த மாநிலம் கடுமையாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கூடவே, மெல்பர்னில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டுவது சட்டத்தின் முதல் ஆண்டில் 36 சதவீதம் குறைந்துபோனது. தலைக்காயம் படாதவர்களின் வரிசையில் இவர்களும் உண்டு. காரணம், அவர்கள் சைக்கிளில் ஏறவே இல்லை.

எதிர்த்தரப்பும் முழுதாகச் சொல்வதில்லை. அதே அறிக்கை பெரியவர்களின் சைக்கிள் ஓட்டம் கூடியதாகவே மதிப்பிட்டது. சட்டம் சைக்கிளையே அழித்துவிட்டது என்பது மிகை. என்னை உறுத்துவது விலகியவர்கள் யார் என்பதுதான். ஓடி விளையாட வேண்டிய வயதினர்.

2010-இல் மெல்பர்ன் வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியபோது சிக்கல் நன்றாகவே வெளிப்பட்டது. நினைத்த இடத்தில் எடுத்து நினைத்த இடத்தில் விடுவதற்கான சைக்கிளுக்கு யார் வீட்டிலிருந்து தலைக்கவசம் தூக்கிக்கொண்டு வருவார்கள்? கடைகளில் 5 டாலருக்கு மலிவு விலைக் கவசம் விற்றுப் பார்த்தார்கள். திட்டம் எழவில்லை, 2019-இல் மூடினார்கள். மெக்சிகோ நகரம் அதே 2010-இல் வாடகை சைக்கிளை விடும்போது கவசக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அங்கே அந்தத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நெதர்லாந்தில் கவசம் போடுபவர் அபூர்வம், ஆனாலும் அங்கே சைக்கிள் ஓட்டுவது உலகிலேயே மிகப் பாதுகாப்பான பழக்கங்களில் ஒன்று என்ற வாதம் எல்லோரும் அறிந்தது. அது சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்ட நாடு. பாதை இல்லாத ஊர்க்காரர் அதைக் காட்டிக் கவசத்தைக் கழற்றுவது பொருந்தாது. கவசம் அணிந்தவரைக் கார்கள் நெருக்கமாக உரசிச் செல்கின்றன என்று 2006-இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வந்தது. வித்தியாசம் சராசரியாக 8.5 சென்டிமீட்டர். அதன் புள்ளிவிவரம் இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. அதை வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன்.

சட்டத்தின்மேல் எனக்குள்ள பெரிய புகார் வேறு. 85 சதவீதத்தைப் பெற்றெடுத்த சியாட்டிலிலேயே 2022-இல் கவசச் சட்டத்தை நீக்கினார்கள். அபராதச் சீட்டுகள் யார் கைக்குப் போயின என்று பார்த்தபோது, வீடில்லாதவர்களும் கறுப்பினத்தவரும் அளவுக்கு மீறி மாட்டியிருந்தது தெரிந்ததே காரணம். போலீசுக்கு நிறுத்திக் கேட்க ஒரு சாக்கு கிடைத்தால் அது யார்மேல் பாயும் என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் தலைக்கவச விதி சைக்கிளைத் தொடுவதில்லை. தொடாமலிருப்பதே நல்லது. மெல்பர்னில் சிறுவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிய அதே ஆண்டுகளில்தான் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். வாடகைக் கடையில் வண்டி எடுத்து ஓட்டிப் பழகியவர்களிடம் கவசம் எங்கே என்று கேட்டிருந்தால் அந்த இயக்கம் வாசலிலேயே நின்றிருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் கூட்டமாக, வேகமாக ஓட்டுபவர் கவசம் இல்லாமல் ஏறுவது முட்டாள்தனம். தொழில்முறைப் பந்தய வீரர்களே 1991-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கவச விதியை எதிர்த்து அடம்பிடித்தார்கள். 2003-இல் அதே பந்தயத்தில் கசகஸ்தானின் அந்திரேய் கிவிலேவ் விழுந்து இறந்த பிறகு விதி வந்தது, அது சரியே. பழகுகிற குழந்தைக்கும் கவசம் வேண்டும், அதைப் பெற்றோர் சொன்னால் போதும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பெண்ணின் ஆபத்து வேறு மாதிரி. மாலை சிறப்பு வகுப்பு முடிந்து விளக்கில்லாத சாலையில் திரும்புகிறவளைப் பின்னால் வரும் வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் ஓட்டு பின்விளக்குக்கு.

இரண்டுக்கும் பணம் இருந்தால் சைக்கிளோடு கவசத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம், அபராதம் மட்டும் வேண்டாம். மடித்துக் கட்டிய இரட்டைச் சடைக்கு இடைஞ்சல் இல்லாமல் பட்டை படிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மூன்று அளவுகளிலாவது வாங்க வேண்டும். ஒரே அளவில் மொத்தக் கொள்முதல் செய்தால் பாதித் தலைகளில் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும்.